தாயக்கட்டையும் ஒரு கலம் கேழ்வரகும்: இடைக்காலக் கதையாட்டம் நடத்துவது எப்படி?

மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டம் இப்போது ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து இளவட்டங்களிடமும் பேச்சில் அடிபடுகிறது. அதிலும் "எதார்த்தமான இடைக்காலம்" என்ற சொல்லை ஆளாளுக்கு ஒரு பொருளில் பயன்படுத்துகிறார்கள். மந்திரமும் டிராகனும் இல்லாவிட்டால் எதார்த்தம் என்பார் ஒருவர். கை கால் வெட்டுப்படுவதை விலாவாரியாகச் சொன்னால்தான் எதார்த்தம் என்பார் இன்னொருவர். மன்னர் பெயரும் ஆண்டும் பிசகாமல் ஒப்பித்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. மூன்றுமே பாதி சரி, மேசைக்கு வந்தால் மூன்றுமே சொதப்பும்.

இதுவரை ஆடியே இராதவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறோம். எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்கொண்ட களம் பத்தாம் நூற்றாண்டின் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி.

கூத்தில் பாதி, தாயத்தில் பாதி

நம் பக்கத்தில் பாரதக் கூத்து பார்க்காதவர் குறைவு. திரைக்குப் பின்னால் வேடம் வந்து நிற்கும். கட்டியங்காரன் "தாங்கள் யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன?" என்று கேட்பான். வேடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். தேவைப்பட்டால் கட்டியங்காரனே சேவகனாவான், தூதனாவான், வழிப்போக்கனாவான்.

இந்த ஆட்டத்திலும் அப்படி ஒருவர் உண்டு. கேம் மாஸ்டர் என்பார்கள், இங்கே நடத்துநர் என்று வைத்துக்கொள்வோம். களத்தை விவரிப்பது, கேள்வி கேட்பது, மற்றவர்கள் ஏற்காத எல்லா வேடத்தையும் தானே ஏற்பது அவர் வேலை. மற்ற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பாத்திரம். ஒரு முறை கூடி ஆடுவது ஓர் அமர்வு. இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அதே பாத்திரங்களோடு பத்துப் பன்னிரண்டு அமர்வு கதையை நகர்த்தினால் அது கேம்பெயின், நம் சொல்லில் தொடராட்டம்.

கூத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று கூட்டத்துக்கே தெரியும். இங்கே முடிவு நடத்துநருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. முடிவை எழுதி வைத்துக்கொண்டு வரும் நடத்துநர் ஆடுபவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டி வரும். இரண்டாம் அமர்விலேயே அது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முடிவு தெரியாமல் கதை எப்படி நகரும்? அங்கேதான் தாயம் வருகிறது. 1974இல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகை ஆட்டத்துக்கு முன்னோடி. அதில் இருபது முகப் பகடை பயன்படுகிறது. அந்தப் பகடைக்காக இணையக் கடையில் தேட வேண்டியதில்லை. திருவிழாக் கடையில் கிடைக்கும் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி போதும். எதார்த்த ஆட்டத்துக்கு அது இன்னும் பொருத்தம் என்பது எங்கள் கட்சி. ஏன் என்று கீழே கணக்கோடு பார்ப்போம்.

எதார்த்தம் எங்கே இருக்கிறது?

ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாற்பது வீடு, இருநூறு தலை. நடத்துநர் அந்த ஊர்க் கோயில் தூணில் என்ன சிற்பம் என்று பத்து நிமிடம் வர்ணிக்கலாம். ஆடுபவர்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அதற்குப் பதில், "இந்த வருஷம் விளைச்சல் ஆயிரம் கலம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கலம் என்பது பழைய தானிய அளவு. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்கு 96 நாழி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்; "உண்பது நாழி" என்பது பழைய சொல்தானே. குழந்தைக்குக் குறையும், ஏர் பிடிப்பவருக்குக் கூடும், சராசரி அது. 200 பேர், 365 நாள், 73,000 நாழி. கலத்தில் 760. அரசனுக்கு ஆறில் ஒரு பங்கு, 167 கலம். மிச்சம் 73 கலம். விதைத் தானியம், கொல்லன் கூலி, கோயில், உப்பு வாங்க என்று எல்லாம் அதற்குள்தான்.

இப்போது நூறு போர்வீரர்கள் ஊர் எல்லையில் முப்பது நாள் தங்கினால்? 3,000 நாழி, 31 கலத்துக்குச் சற்று மேல். மிச்சமிருந்ததில் கிட்டத்தட்ட பாதி போயிற்று. இத்தனைக்கும் அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, கொள்ளையடிக்கவில்லை, "நட்புப்" படைதான்.

அந்த ஒரு கணக்கிலிருந்தே கதை கிளம்பிவிடும். படைத்தலைவனிடம் யார் போய்ப் பேசுவது, தானியத்தை எங்கே பதுக்குவது, பக்கத்து ஊருக்குத் தள்ளிவிட்டால் அவர்கள் நம்மை என்ன செய்வார்கள் என்று ஆடுபவர்கள் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள். எண்கள் ஆட்டத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. வரலாற்று ஆவணம் என்று யாரும் கொண்டாட வேண்டாம். ஆனால் காரண காரியம் உண்மையானது.

எதார்த்தம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒன்றைச் செய்தால் இன்னொன்று தேய வேண்டும். ஆடுபவர்கள் பார்க்காத இடத்திலும் ஊர் நகர வேண்டும். மந்திரம் இருக்கிறதா இல்லையா என்பது அடுத்த கேள்விதான்.

மந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். பத்தாம் நூற்றாண்டு மனிதருக்குப் பல்லி சொன்ன பலனும், வஞ்சினமும், காவல் தெய்வமும் வானிலையைப் போல நிஜம். எனவே மந்திரம் பலிக்காத ஆட்டத்திலும் நம்பிக்கை பலிக்கும். தெய்வத்தின் முன் சத்தியம் செய்த ஆளை மீறச் சொன்னால் அவன் மறுப்பான். ஊரும் அவன் பக்கம் நிற்கும். "பகுத்தறிவாளி" ஒருவனை அந்த ஊரில் பாத்திரமாக்கி எல்லோரையும் கிண்டலடிப்பது, களத்தையே கலைத்துவிடும்.

எந்த ஆண்டு, யார் ஆட்சி?

"இடைக்காலம்" என்று பொதுவாகச் சொன்னால் ஆளுக்கொரு படம் மனதில் ஓடும். ஒருவருக்கு இரும்புக் கவசம் போட்ட ஐரோப்பியக் குதிரைவீரன், இன்னொருவருக்குத் திப்புவின் பீரங்கி. அதனால் ஆண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பரிந்துரைப்பது 950ஐ ஒட்டிய ஆண்டுகள். 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் விழுந்தான். வென்றது இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். தகடூர்ப் பக்கம் நுளம்பர் செல்வாக்கு. மேற்கே கங்கர். சில ஆண்டுகளில் கங்க மன்னன் மாரசிம்மன் "நுளம்ப குலாந்தகன்", அதாவது நுளம்பர் குலத்துக்கு எமன், என்று பட்டம் சூட்டிக்கொள்கிறான். 985இல் பட்டமேறும் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளில் கங்கபாடியையும் நுளம்பபாடியையும் அடுக்குகிறது. ஒரு தலைமுறைக்குள் மூன்று நான்கு கொடி மாறும் எல்லை நாடு. யாருக்கு வரி கட்டுவது என்பதே குழப்பம். விளையாட இதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்த ஆண்டைப் பிடித்ததும் பலவற்றைக் கழற்ற வேண்டும். கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை மலைகளில் இன்று நாம் ஏறிப் பார்க்கும் கோட்டை மதில்கள் வெகு பிற்காலத்தவை. அவற்றை அப்படியே கொண்டுவர முடியாது. துப்பாக்கி, பீரங்கி கிடையாது. சமையலில் மிளகாய் இல்லை, மிளகுதான். பாலக்கோட்டு மண்டியில் மலைபோல் குவியும் தக்காளி அன்று இந்தக் கண்டத்திலேயே இல்லை. நிலக்கடலை, உருளைக்கிழங்கு, புகையிலை, வயல் வயலாகப் பூக்கும் செண்டுமல்லி, வேலியோரச் சப்பாத்திக்கள்ளி எல்லாமே அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் காலத்தில், அதற்குப் பின்னர் வந்தவை. களி உண்டு, கொள்ளு உண்டு, புளி உண்டு, எள் உண்டு. களிக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய் இல்லாத கொள்ளுக் குழம்பு என்று சொன்னாலே ஆடுபவர்கள் வேறு காலத்துக்குப் போய்விடுவார்கள்; அதற்கு மேல் வர்ணனை வேண்டாம்.

இந்தக் கழித்தல் பட்டியலை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். மேசையில் யாராவது "தக்காளி வாங்கறேன்" என்று வாய் தவறிச் சொன்னால், "கத்தரிக்காய்" என்று திருத்திவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வகுப்பெடுக்கக் கூடாது. வரலாறு நன்றாகத் தெரிந்த ஒருவர் மேசையில் இருந்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். "அப்ப அது கிடையாதே" என்று அவர் தொடங்கினால், தாளில் குறித்துக்கொண்டு அமர்வு முடிந்து டீ குடிக்கும்போது பேசலாம் என்று முதலிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, கையில் இப்போது மூன்று இருக்கின்றன: ஓர் ஆண்டு, ஓர் ஊர், அந்த ஊரின் தானியக் கணக்கு. இனிக் கட்டையை எடுக்கலாம்.

கட்டை உருளும்போது என்ன நடக்கிறது?

தாயக்கட்டையின் நாலு முகத்தில் 1, 2, 3 புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. இரண்டு கட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். கூட்டுத்தொகை 0 ஒரு விதம், 1 இரண்டு விதம், 2 மூன்று விதம், 3 நான்கு விதம், 4 மூன்று விதம், 5 இரண்டு விதம், 6 ஒரு விதம். நடுவில் குவியும், ஓரத்தில் தேயும். தாயம் போட அவ்வளவு நேரம் ஆவது இதனால்தான். 1 விழ 16இல் 2 வாய்ப்புதான்.

இருபது முகப் பகடையில் அப்படி இல்லை. ஒவ்வொரு முகத்துக்கும் சரியாக 5 சதவீதம். பேரதிர்ஷ்டமும் பெருந்தோல்வியும் சாதாரண விளைவைப் போலவே அடிக்கடி வரும். மந்திரவாதிக் கதைக்கு அது சுவை. முப்பது வருஷம் மாடு மேய்த்தவர் தடம் பார்க்கத் தெரியாமல் திணறுவது எதார்த்தக் கதைக்குச் சரிவராது.

விதி எளியது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வேலைக்கேற்பத் திறன் எண்: தெரியாததற்கு 0, பழகியதற்கு 1, தொழிலே அதுவென்றால் 2. விழுந்த புள்ளியோடு திறனைக் கூட்ட வேண்டும். எளிய காரியத்துக்கு 2 வேண்டும், சாதாரணக் காரியத்துக்கு 3, கடினமானதற்கு 5. திறனே இல்லாதவர் கடினமான காரியத்தில் வெல்ல 16இல் 3 வாய்ப்பு. அதையே தொழிலாகக் கொண்டவருக்கு 16இல் 10. இந்த இடைவெளிதான் ஊரில் கொல்லனுக்கும் குயவனுக்கும் மதிப்பு தருகிறது.

சரியாக ஒன்று குறைந்தால் அது முழுத் தோல்வி ஆகாது. காரியம் நடக்கும், ஆனால் விலை உண்டு: நேரம் போகும், பொருள் உடையும், யாராவது பார்த்துவிடுவார்கள். புது நடத்துநர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். "ஆச்சு", "ஆகல" என்று இரண்டே பதில் வைத்தால் ஆட்டம் மொட்டையாக நிற்கும்.

இரண்டும் வெறுமையாக விழுந்தால் தாயத்தில் பன்னிரண்டு. இங்கே அதற்கு வேறு வேலை கொடுத்திருக்கிறோம். கொஞ்சம் கழித்து வருகிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் கட்டை உருட்டாதீர்கள். கதவைத் திறக்க, ஆற்றில் தண்ணீர் மொள்ள, தெரிந்த வழியில் நடக்க உருட்டல் வேண்டாம். இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: தோற்றால் ஏதாவது மாறுமா, ஜெயிப்பது சந்தேகமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் உருட்டுங்கள். மூன்று மணி நேர அமர்வில் பதினைந்து முறைக்கு மேல் கட்டை உருண்டால் எங்கோ தப்பு நடக்கிறது. பழைய கட்டையாக இருந்தால் சோதித்தும் பாருங்கள். தேய்ந்த கட்டை ஒரே பக்கமாக விழும். நாற்பது முறை உருட்டினால் ஒவ்வொரு முகமும் ஏறத்தாழ பத்து முறை வர வேண்டும். ஒரு முகம் இருபது முறை வந்தால் கட்டையை மாற்றுங்கள்.

தொறு போன காலை

நம் மாவட்டத்து நடுகற்களைப் படித்தவருக்குக் கதைக்கருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. "தொறு" என்றால் மாட்டு மந்தை. "தொறுக் கொண்ட ஞான்று மீட்டுப் பட்டான்" என்ற வாய்பாடு கல்லுக்குக் கல் வரும்: மந்தையைக் கவர்ந்து போனபோது மீட்கப் போய் இறந்தான். புலியோடு பொருது இறந்தவனுக்கும் கல் உண்டு. தருமபுரியில் தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் இந்தக் கற்களை நேரிலேயே பார்க்கலாம். வில்லும் வாளும் சிறு கேடயமும்தான் ஆயுதம். நம் வீரனுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தக் கல்லே பதில்.

ஏன் மாட்டைக் கவர்கிறார்கள்? தானியத்தைத் தூக்க மாடு வேண்டும். மாட்டைத் தூக்க யாரும் வேண்டாம், அது தானே நடக்கும். ஓர் இரவில் எடுத்துப் போகக்கூடிய செல்வம் அன்று பெரும்பாலும் அதுதான்.

இப்போது ஒரு காட்சி. மேசையில் மேய்ப்பர், கொல்லர், ஊர்க் காவல் சேவகர், உப்பு வணிகர் மகள் என்று நாலு பாத்திரங்கள்.

"விடியுது. பட்டியில மாடு ஒண்ணுகூட இல்ல. படல் கயிறு அறுந்து கெடக்குது," என்கிறார் நடத்துநர்.

"நான் தடம் பாக்கறேன்ணா," என்கிறார் மேய்ப்பரை ஆடுபவர்.

"எதைப் பாப்ப?"

"சாணி. காஞ்சிருக்கா, ஈரமா இருக்கான்னு."

"நல்லாப் பாத்த. உருட்டு."

2 விழுகிறது. திறன் 2. மொத்தம் 4, சாதாரணக் காரியத்துக்கு 3 போதும். "அறுபது மாடு, பத்துப் பன்னெண்டு ஆளு. தெக்க, கணவாய்ப் பக்கம் போயிருக்காங்க. அஞ்சு நாழிகை ஆவுது."

நாழிகை என்பது 24 நிமிடம். ஐந்து நாழிகை இரண்டு மணி நேரம். மந்தையை விரட்டினாலும் மணிக்கு 3 கிலோமீட்டர்தான் ஓட்ட முடியும். ஆக அவர்கள் 6 கிலோமீட்டர் முன்னால். துரத்துபவர் வேகநடையில் மணிக்கு 5. மணிக்கு 2 கிலோமீட்டர் நெருங்குவார்கள்; மூன்று மணி நேரத்தில், ஊரிலிருந்து 15ஆவது கிலோமீட்டரில் கண்ணில் படுவார்கள்.

"ஆளு சேத்துக்கிட்டுப் போலாம்டா, நாலு பேரு போய் என்னா பண்றது?" என்கிறார் கொல்லரை ஆடுபவர்.

"சேக்கலாம். பறை அடிச்சு ஊரு கூட ரெண்டரை நாழிகை ஆவும்."

அந்த ஒரு மணி நேரத்தில் இடைவெளி 9 கிலோமீட்டர் ஆகிவிடும். பிடிக்க நாலரை மணி நேரம், ஊரிலிருந்து 22.5 கிலோமீட்டர். கணவாயை 20ஆவது கிலோமீட்டரில் வரைபடத்தில் வைத்திருந்தீர்கள் என்றால், ஆள் சேர்த்துக்கொண்டு போனால் மந்தை கணவாய் தாண்டி அடுத்தவன் நாட்டுக்குள் போயிருக்கும். சேர்க்காமல் போனால் நாலு பேர் பன்னிரண்டு பேரை எதிர்க்க வேண்டும். மேசையில் இப்போது யாரும் செல்போனைப் பார்க்க மாட்டார்கள்.

நடத்துநர் இங்கே ஒரு வீரக் காட்சியையும் எழுதி வைக்கவில்லை. இரண்டு வேகம், ஒரு தூரம், அவ்வளவுதான் தயாரிப்பு.

அடிபட்டால்

காயத்துக்கு மூன்று நிலை போதும். கீறல் என்றால் அடுத்த உருட்டலில் ஒன்று குறையும். ஆழ்காயம் என்றால் ஆறு வாரம் படுக்கை. வாரம் ஒரு முறை, தேறுகிறாரா காய்ச்சல் காண்கிறதா என்று உருட்ட வேண்டும். படுகாயம் என்றால் பிழைப்பாரா சாவாரா என்று அன்றைக்கே தீர்மானம். ஆழ்காயக்காரர் வேலை செய்ய மாட்டார், ஆனால் நாளுக்கு ஒரு நாழி சாப்பிடுவார். அவர் நிலத்தை யார் உழுவது என்பது அடுத்த அமர்வின் கதை.

இந்த விதி வந்ததும் சண்டைகள் குறையும். மிரட்டல், பேரம், பதுங்கல் கூடும். கவர்ந்து வந்தவர்களும் சாக வரவில்லை என்பதை மறக்க வேண்டாம். இரண்டு பேர் விழுந்தாலே மந்தையை விட்டுவிட்டு ஓடப் பார்ப்பார்கள். கடைசி ஆள் வரை நின்று சாவது கணினி விளையாட்டில்தான்.

வழியும் பொதியும்

நடை நாளுக்கு 24 கிலோமீட்டர். ஆறு மணி நேரம், மணிக்கு நாலு. ஏற்றமான காட்டு வழியில் இதில் பாதி. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி இருக்கும் இடத்துக்கு இரண்டு நாள், நடுவில் தென்பெண்ணை. ஐப்பசியில் ஆறு பெருகியிருந்தால் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. கரையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

சோற்றுக்கு மறுபடி நாழிதான். ஆறு பேர் 16 நாள் போனால் 96 நாழி, ஒரு கலம். பொதிமாடு ஏறத்தாழ நூறு கிலோ சுமக்கும். கலத்தின் அளவு ஊருக்கு ஊர் மாறியது என்றாலும், ஆட்டத்துக்கு ஒரு கலம் ஒரு மாட்டுப் பொதி என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. மாட்டுக்கு வழியில் புல் வேண்டும். சித்திரை வைகாசியில் புல் இருக்காது. எனவே வணிகர் கூட்டமும் சரி, படையும் சரி, அறுவடை முடிந்த தை, மாசியில்தான் கிளம்பும். இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டாலே வருஷத்தின் பருவங்கள் தானாகக் கதையில் வந்துவிடும்.

இந்தக் கணக்கை எல்லா நாளும் போடாதீர்கள். கிளம்பும்போது ஒரு முறை, திரும்பியதும் ஒரு முறை, போதும். தினம் தினம் நாழி கழிக்கும் மேசை மூன்றாம் வாரம் மளிகைக் கடைக் கணக்காகிவிடும்.

பார்க்காத இடத்திலும் நகரும் உலகம்

ஒரு தாளில் மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றும் ஊருக்கு வெளியே நடக்கும் ஒரு காரியம். முதலாவது, நுளம்பன் ஆட்கள் தானியம் கேட்டு வருவது. இரண்டாவது, மேற்கே கங்கர் படை திரள்வது. மூன்றாவது, பக்கத்து ஊரோடு ஏரித் தண்ணீர்ச் சண்டை முற்றுவது. அமர்வு முடியும்போது ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டம் நிரப்புங்கள். கட்டையில் இரண்டும் வெறுமையாக விழும்போது, அந்த முயற்சியின் முடிவு எப்படியானாலும், ஏதாவது ஒரு வரிசையில் ஒரு கட்டம் கூடுதலாக நிரம்பும். அதுதான் நம் பன்னிரண்டு.

ஆறும் நிரம்பினால் அது நடந்தே தீரும். ஆடுபவர்கள் தலையிட்டால் கட்டத்தை அழிக்கலாம். எது நெருங்குகிறது என்பது அவர்களுக்கு வதந்தியாகவாவது தெரிய வேண்டும். தெரியாமல் வந்து விழும் படை எதார்த்தமாக இருக்கலாம், ஆட்டமாக இருக்காது. வதந்தியைக் கொண்டுவர உப்பு வணிகர் போல ஒரு பாத்திரம் கட்டாயம் வேண்டும். ஓலை வந்தால் இன்னும் நல்லது. மேசையில் இருக்கும் நாலு பாத்திரத்தில் எழுத்து தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஓலையைப் படித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடிப் போவதும், அவர் சொல்வதை நம்புவதா என்பதும் ஓர் அமர்வுக்குக் காணும்.

இதோடு மூன்று துணைப் பாத்திரங்களுக்கு, அதாவது நடத்துநர் ஏற்கும் வேடங்களுக்கு, ஆளுக்கு ஒரு வரி: அவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார். ஒரு தாளில் கைவரைபடம். அமர்வுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் தயாரிக்க எதுவும் இல்லை.

ஆடத் தொடங்குமுன் பேச வேண்டியது

முதல் அமர்வில் கட்டையைத் தொடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். எதை மேசையில் காட்டலாம், எதைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொல்லட்டும். பாலியல் வன்முறையும் குழந்தைகள் மீதான கொடுமையும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அதோடு முடிந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது.

சாதி விஷயத்தில் எங்கள் நிலை கறாரானது. இன்றைய சாதிப் பெயர் எதையும் பாத்திரத் தாளில், அதாவது ஆளுக்கு ஆள் தன் பாத்திரத்தின் விவரமும் திறனும் குறித்து வைக்கும் தாளில், எழுதாதீர்கள், எதிரிக்கும் வைக்காதீர்கள். அன்று சமூகம் சமமாக இருந்தது என்று நடிக்கச் சொல்லவில்லை. யாருக்கு நிலம் உண்டு, யார் யாருக்கு உழைக்கக் கடமைப்பட்டவர், யார் எந்தத் தெருவுக்குள் வர முடியாது என்பதைக் காட்டுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஊரில் இன்றைய பெயர்களைப் பொருத்துவது வரலாற்றுப்படியும் தவறு. அதைவிட, மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஆட்டம் முடிந்ததும் இந்த ஊரிலேயேதான் இருக்கப் போகிறார்கள்.

பெண் பாத்திரங்களுக்கு வேலை இருக்காது என்பதும் ஒரு தப்பான எண்ணம். கோயிலுக்கு நிலமும் பொன்னும் கொடுத்த பெண்களைச் சோழர் கால கல்வெட்டுகள் நிறையவே சொல்கின்றன. சொத்தும் சொல்லும் உள்ள பெண் அன்று இருந்தாள். நாயைக்கூட விட வேண்டாம்: செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லில், கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் பெயர் பொறித்து உருவம் செதுக்கியிருக்கிறார்கள். யாராவது கேட்டால் நாய்க்கும் ஒரு தாள் கொடுங்கள்.

பாத்திரம் இறந்தால்

எதார்த்த ஆட்டத்தில் பாத்திரம் சாகும். புதியவர்கள் இதற்குத்தான் அதிகம் அஞ்சுவார்கள். பத்து அமர்வு வளர்த்த ஆள் ஒரே உருட்டலில் போய்விட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்ற கவலை நடத்துநருக்கும் இருக்கும். அதற்கும் பழைய ஏற்பாடு ஒன்று கைகொடுக்கிறது. ஊருக்காக இரத்தம் சிந்தி இறந்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்று அதற்குப் பெயர். உதிரமும் நெய்த்தோரும் இரத்தம்தான்.

இதை விதியாக்குங்கள். ஓர் அமர்வை ஒரு பருவம் என்று வைத்தால் நாலு அமர்வில் ஒரு வருஷம் ஓடும். பன்னிரண்டு அமர்வில் மூன்று வருஷம். தம்பிக்கும் மகளுக்கும் வயது ஏறியிருக்கும். இறந்தவரை ஆடியவர் அந்தக் குடும்பத்தில் ஒருவரை எடுத்துக்கொள்கிறார். புதுத் தாளில் நிலம் உண்டு, இறந்தவரின் திறனில் ஏதாவது ஒன்று 1 ஆக உண்டு, அவர் தீர்க்காமல் விட்ட கடனும் பகையும் உண்டு. வீணான சாவுக்கு, அதாவது குடிபோதைச் சண்டையிலோ திருடப் போயோ இறந்ததற்கு, நிலம் கிடையாது. பகை மட்டும் வரும்.

அடுத்த அமர்வைத் தொடங்கும்போது கல் நடுவதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எழுத வேண்டியதைக் கல்வெட்டு முறையிலேயே வாய்மொழியாகச் சொல்லட்டும்: எந்த மன்னருக்கு எத்தனையாவது யாண்டு, எந்த நாட்டு எந்த ஊர், யார் மகன், என்ன செய்து பட்டான். ஆடியவர் சொல்ல, மற்றவர்கள் திருத்தலாம். மன்னர் யார் என்பதில் மேசையில் வாக்குவாதம் வரும், ஏனென்றால் அந்த வருஷம் வரி யாருக்குப் போனது என்பது யாருக்கும் சரியாக நினைவிருக்காது. அந்த வாக்குவாதத்தை நிறுத்தாதீர்கள். முடிந்ததும் புதுத் தாளை எடுத்து, முதல் வரியில் நிலத்தின் அளவை எழுதிவிட்டுக் கட்டையை அவர் கையில் கொடுங்கள்.